எந்தத் தெருப் பையன் ஓடுகிறான்?

மாரத்தான் ஓட்டம் காசுள்ளவனுக்குப் பொழுதுபோக்கு, அதில் தலித்துக்கு என்ன வேலை என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கூட்டம் போட ஆள் இல்லை, போஸ்டர் ஒட்ட ஆள் இல்லை, வழக்குக்குக் கோர்ட்டுக்கு அலைய ஆள் இல்லை. இந்த நேரத்தில் ஒருத்தன் ரயில் ஏறி மும்பைக்குப் போய் 42 கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறான் என்றால் கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரன். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கிற மண். வீட்டில் தமிழ், சந்தையில் தமிழும் தெலுங்கும் கலந்து. 1960 ஏப்ரலில்தான் திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்தது. ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்தி மண்ணை மீட்டார் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். சரி, மீட்டது நல்லதுதான். ஆனால் மண் அந்த மாநிலத்தில் இருந்தபோதும் எங்கள் சேரி ஊருக்கு வெளியேதான் இருந்தது, இந்த மாநிலத்துக்கு வந்த பிறகும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எல்லைக்கோடு நகர்ந்தது, சேரிக்கோடு நகரவில்லை.

எங்கள் பகுதிக்குச் சோறு போடுவது பவர்லூம். நான் கூலிக்குத் தறி ஓட்டுகிறவன். நாலு தறிக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதும் நடப்பதும்தான் வேலை. தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. கால் மட்டும் நன்றாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஓட்டம் என்பது மாரத்தானில் தொடங்குவதில்லை, போலீஸ் செலக்‌ஷனில் தொடங்குகிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண் பிள்ளைகள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பையன்கள் காலனியிலிருந்து விடியற்காலம் நாலரை மணிக்குக் கிளம்பி ரோட்டில் ஓடுவார்கள். எவனாவது ஒருத்தனிடம் வாட்ச் இருக்கும். மைல் கல்லை வைத்துத் தூரம் அளப்பார்கள். செலக்‌ஷன் ஆனவன் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போய்விடுவான். ஆகாதவன் தறிக்கோ, கட்டட வேலைக்கோ போய்விடுவான், ஓட்டத்தையும் அதோடு விட்டுவிடுவான். நானும் அப்படி ஓடியவன்தான். எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஓட்டம் மட்டும் நின்றுபோகாமல் தங்கிவிட்டது.

தோழர்கள் கேட்பதற்கு முன்னாலேயே எங்கம்மா கேட்டுவிட்டாள். ‘‘இன்னாடா இது, பகலெல்லாம் தறிகிட்ட நின்னது பத்தாதா? காத்தால எழுந்து ரோடு ரோடா ஓடினா எவன்டா உனக்குக் கூலி குடுப்பான்? உடம்பு நோவாம குந்திக்கினு இருக்கறவன் ஓடுவான். உனக்கு இன்னாடா கேடு?’’

இது சாதாரணக் கேள்வி இல்லை. தோழர்களின் கேள்வியைவிட ஆழமான கேள்வி. எங்கம்மா நாற்று நட்டவள், கல் சுமந்தவள். அவளுடைய உடம்பில் நோகாத இடம் ஒன்று இல்லை. அவளுக்கு உடம்பு என்றால் கூலி. கூலி இல்லாமல் உடம்பை வருத்துவது அவளைப் பொறுத்தவரை பைத்தியக்காரத்தனம். தலைமுறை தலைமுறையாக நம் ஜனங்களுடைய உடம்பு நம்முடையதாக இருந்ததே இல்லை. ஆண்டை கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்தது, ஆண்டை சொன்ன இடத்தில் குனிந்தது, ஆண்டை அளந்துபோட்டதைத் தின்றது. அந்த உடம்பை ஒரு மணி நேரம், யாருக்காகவும் இல்லாமல், எனக்காக நான் எடுத்துக்கொள்கிறேன். எவனும் ஏவவில்லை, எவனும் அளந்துபோடப் போவதில்லை. நான் ஓடுவதற்கு முதல் காரணம் இதுதான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். ‘‘சரி போ, கஞ்சி குடிச்சிட்டு ஓடு’’ என்றாள்.

*

எங்கள் தாத்தாவும் ஓடியவர்தான். ஆனால் அதற்கு மாரத்தான் என்று பெயர் இல்லை, சாவு சொல்லப் போவது என்று பெயர்.

ஊரில் எந்தச் சாதி வீட்டில் சாவு விழுந்தாலும் அவர்களுடைய பங்காளிகளுக்கும் சம்பந்திகளுக்கும் சேதி சொல்ல வேண்டியது சேரிக்காரன். ராத்திரி, மழை, காய்ச்சல் எதுவும் கணக்கில்லை. பத்து மைல், பதினைந்து மைல் போகவேண்டும். பிணம் எடுப்பதற்குள் உறவு வந்து சேரவேண்டும் என்றால் நடந்தால் ஆகாது, ஓடத்தான் வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில் தெருவுக்குள் நேராக நுழைந்துவிட முடியாது. காலில் செருப்பு இருக்கக்கூடாது, துண்டு இடுப்புக்கு இறங்கவேண்டும், எட்ட நின்று குரல் கொடுக்கவேண்டும். சேதி கேட்டவர்கள் ரெண்டு படி கேழ்வரகோ, ஏதோ சில்லறையோ போடுவார்கள். திரும்பி ஓடிவர வேண்டும். வந்தவுடன் பறை அடிக்கவேண்டும், குழி வெட்டவேண்டும்.

இப்போது கிரேக்கத்துக் கதையைப் பாருங்கள். மாரத்தான் என்ற ஊரில் கி.மு. 490இல் பாரசீகப் படையை ஏதென்ஸ்காரர்கள் தோற்கடித்தார்கள். வெற்றிச் சேதியை ஏதென்ஸுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டு அங்கேயே விழுந்து செத்தான் பீடிப்பிடீஸ் என்ற தூதன் என்பது கதை. சரித்திரக்காரர் ஹெரோடோட்டஸ் இந்தக் கதையைச் சொல்லவில்லை. போருக்கு முன்பு உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடியதைத்தான் சொல்கிறார். செத்து விழுந்த கதை பல நூற்றாண்டு கழித்து வந்தது. எப்படியானாலும் அவன் சேதி சுமந்து ஓடுவதையே தொழிலாகக் கொண்டவன். 1896இல் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோது மிஷேல் ப்ரெயால் என்ற பிரெஞ்சு அறிஞர் யோசனை சொல்லி, அந்தத் தூதன் பெயரால் மாரத்தான் ஓட்டத்தைச் சேர்த்தார்கள். அதில் ஜெயித்த ஸ்பிரிடன் லூயிஸ் ராஜா வீட்டுப் பிள்ளை இல்லை, தண்ணீர் சுமந்து விற்கிற குடும்பத்துப் பையன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரமான 42.195 கிலோமீட்டர் பிறகு 1921இல் நிரந்தரமானது.

ஆக, உலகம் முழுக்க பணக்காரர்கள் காசு கட்டி ஓடுகிற இந்த ஓட்டம் ஒரு சேதிக்காரனின் ஓட்டம். அங்கே சேதி சொன்னவனுக்குச் சிலை வைத்தார்கள். இங்கே சேதி சொன்னவனை எட்ட நிற்க வைத்தார்கள். மாரத்தான் யாருடையது என்று என்னிடம் கேட்டால், என் தாத்தாவுடையது என்றுதான் சொல்வேன். எங்கள் ஊரிலிருந்து திருத்தணிக்கு ஓடிப்போய்ப் பாதி வழிக்கு மேல் திரும்பிவந்தால் அந்த 42 கிலோமீட்டர் முடிந்துவிடும். தாத்தா அதை எத்தனை முறை ஓடியிருப்பார் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

*

அடுத்தது தெரு.

விடியற்காலம் ரோட்டில் ஓடினால் முதலில் நாய் துரத்தும். அது பிரச்சினை இல்லை. ஊர்த்தெரு பக்கம் போனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார், ‘‘டேய், எந்தத் தெருப் பையன்டா நீ?’’ தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு அர்த்தம் ஒன்றுதான். தெருவின் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். அதே நேரத்தில் ஊர்ப் பையன் ஒருத்தன் ஷூ மாட்டிக்கொண்டு ஓடினால் ‘‘தம்பி உடம்பை நல்லா வச்சிக்கினு இருக்குது’’ என்பார்கள். நாம் ஓடினால் ‘‘எங்க போய் இன்னா பண்ணிட்டு ஓடியாறான்’’ என்பார்கள். ஒருமுறை இருட்டில் ரோந்து வந்தவர்கள் என்னை நிறுத்தி ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தார்களோ தெரியாது. என் கால்தான் இருந்தது. இருளர் வீட்டுப் பிள்ளைகளின் நிலைமை இதைவிட மோசம். அவர்கள் ஓடவே வேண்டாம், நின்றாலே சந்தேகம்.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எதிலும் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் போய்வரத் தடை கூடாது என்பது அதன் சாரம். அதே 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகப் போராட்டம் நடந்தது. கோயிலுக்குள் போக இல்லை தோழர்களே, தெருவில் நடக்க. 1927 மார்ச் 20இல் மகாத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்தார். நம் விடுதலைப் போராட்டத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் பாதிப் பக்கம் காலைப் பற்றியதுதான். எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக்கூடாது, செருப்போடு நடக்கலாமா, சைக்கிளில் உட்கார்ந்து போகலாமா என்பதுதான் சண்டை. நூறு வருசம் கழித்தும் நடப்பதற்கே கேள்வி இருக்கிற ஊர்கள் உண்டு. ஓடுவது அதற்கு அடுத்த படி. நடக்கிறவனாவது தலையைக் குனிந்துகொண்டு நடக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு ஓட முடியாது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 23 அன்று அஹ்மத் ஆர்பரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் ஒரு குடியிருப்புத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். மூன்று வெள்ளையர்கள் வண்டியில் துரத்தி மறித்தார்கள், சுட்டுக் கொன்றார்கள். திருடன் என்று நினைத்தோம் என்றார்கள். வீடியோ வெளியே வந்து நாடே கொதித்த பிறகுதான் அவர்களைக் கைது செய்தார்கள். 2021 நவம்பரில் மூன்று பேரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, அடுத்த ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஜார்ஜியா தூரமாகத் தெரியவில்லை. ஓடுகிற உடம்பு யாருடையது என்று பார்த்துத்தான் ஓட்டத்துக்கு அர்த்தம் சொல்கிறார்கள். ஒருத்தன் ஓடினால் உடற்பயிற்சி, இன்னொருத்தன் ஓடினால் தப்பியோட்டம்.

*

செருப்பு பற்றியும் சொல்லவேண்டும்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி மாரத்தானில் தங்கம் வாங்கினார். 2 மணி 15 நிமிடம் 16 நொடி. அந்த ஓட்டப்பாதையில் அக்சும் தூண் நின்றது. முசோலினியின் படை எத்தியோப்பியாவைப் பிடித்தபோது கொள்ளையடித்துக் கொண்டுவந்து ரோமில் நட்ட தூண். அந்தத் தூணைத் தாண்டுகிற இடத்தில்தான் பிகிலா வேகம் எடுத்து மற்றவனை விட்டுவிட்டு ஓடினார். 2005இல் தூண் எத்தியோப்பியாவுக்குத் திரும்பிப் போனது. நம் நாட்டிலும் பீகாரைச் சேர்ந்த சிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் பேர் வாங்கியவர். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிட நேரத்தை 40 வருசத்துக்கு மேல் எந்த இந்தியராலும் முறியடிக்க முடியவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நகரத்து ஓட்டக்காரர்கள் சிலர் ‘‘வெறுங்காலே இயற்கை, ஷூவே தேவையில்லை’’ என்கிறார்கள். என்னிடமும் ஒருத்தர், ‘‘நீங்க கிராமத்துக்காரர், வெறுங்கால்லயே நல்லா ஓடுவீங்களே’’ என்றார். அய்யா, உங்களுக்கு வெறுங்கால் ஒரு பரிசோதனை. எங்களுக்கு அது தண்டனை. என் தாத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவைத் தாண்டியவர். நான் ஷூ போட்டுக்கொண்டுதான் ஓடுவேன், அதுவும் நல்ல ஷூவாகப் போட்டுக்கொண்டு ஓடுவேன். பிகிலாகூட ரோமில் கொடுத்த ஷூ காலுக்குச் சரியாக அமையாததால்தான் வெறுங்காலோடு ஓடினார். நாலு வருசம் கழித்து 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி அதிலும் தங்கம் வாங்கினார். இந்த ரெண்டாவது கதையை யாரும் சொல்வதில்லை.

நல்ல ஷூ என்றால் கூலிக்காரனுக்குப் பல நாள் கூலி. அந்த ஷூவைச் செய்கிறது யார்? செய்யாறு சிப்காட்டில் நைக்கி ஷூ தைக்கிற பெரிய தொழிற்சாலை இருக்கிறது. சுற்றுப்பட்டு கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே பஸ்ஸில் போய் வேலை செய்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முழுக்கத் தோலும் செருப்பும்தான். உலகத்துக்கே ஷூ தைத்துக் கொடுக்கிற வட்டாரம் இது. இங்கே ஒரு பையன் ஷூ போட்டு ஓடினால் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்.

*

மும்பைக்கு வருவோம். மும்பை மாரத்தான் 2004இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. எல்லாப் பிரிவும் சேர்த்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் ஓடுகிறார்கள். முழு மாரத்தானில் சும்மா போய் நின்றுவிட முடியாது. ஏற்கெனவே ஒரு ஓட்டத்தை இத்தனை நேரத்தில் முடித்தேன் என்று சான்றிதழ் காட்டவேண்டும். சென்னையில் அரை மாரத்தான் ஓடி அந்தச் சான்றிதழை வாங்கினேன். பிறகு பதிவுக் கட்டணம், ரயில் டிக்கெட், ரெண்டு நாள் சாப்பாடு, போகிற வருகிற நாலைந்து நாள் கூலி நஷ்டம். தங்குவதற்கு மட்டும் செலவில்லை, தாராவியில் சொந்தக்காரர் வீடு. கணக்குப் போட்டால் ஒரு மாதச் சம்பாத்தியத்துக்குப் பக்கத்தில் வந்தது. பெரிய மாரத்தான்கள் யாருக்கு என்பதைக் கட்டணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் தோழர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கம்பெனிக்காரர்கள் பனியனில் பெயர் போட்டுக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு ஓடுகிற திருவிழாதான் அது.

பிறகு ஏன் போனேன்? அது ஓடுகிற பாதைக்காகப் போனேன்.

அரக்கோணத்தில் ஏறினால் ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், புனே வழியாக ஒரு நாள் பயணம். சோலாப்பூரும் தறி ஊர்தான். அங்கேயும் தெலுங்கு பேசுகிற நெசவாளர்கள் இருக்கிறார்கள். அங்கே பெட்டியில் ஏறிய ஒருத்தர் என் கையைப் பார்த்துவிட்டே தெலுங்கில் ‘‘தறியா?’’ என்று கேட்டார். எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை.

2024 ஜனவரி 21. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்து எதிரில் விடிவதற்கு முன்னால் ஆரம்பம். இருட்டில் ஆயிரக்கணக்கான கால்கள். கொஞ்ச தூரத்தில் மரைன் டிரைவ். அங்கே கடலைப் பார்த்த வரிசையில் இந்து ஜிம்கானா, இஸ்லாம் ஜிம்கானா, பார்சி ஜிம்கானா என்று மதத்துக்கு ஒரு மைதானம். ஓடும்போது எனக்குப் பல்வங்கர் பாலு ஞாபகம் வந்தது. சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானம் பார்த்துக்கொள்கிற வேலையில் தொடங்கி, நாட்டின் பெரிய பந்துவீச்சாளர் ஆனவர். 1911இல் இங்கிலாந்துக்குப் போய் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அவர் பந்துவீச்சு வேண்டும் என்று அணியில் சேர்த்துக்கொண்ட இந்துக்கள், டீ இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே நிற்கவைத்து மண் குவளையில் டீ கொடுத்தார்கள். கடைசிவரை கேப்டன் ஆக்கவில்லை. 1937 தேர்தலில் அவரையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தினார்கள், தோற்றார். அது வேறு கதை. இந்திய விளையாட்டின் முதல் தலித் நட்சத்திரம் அவர்தான். விளையாட்டில் திறமை மட்டும்தான் பேசும் என்று சொல்கிறவர்கள் அந்த மண் குவளையை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வொர்லி. 1972இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்ஸ் இயக்கம், 1974 ஜனவரியில் கூட்டம் போட்டபோது கலவரம் வெடித்த வொர்லி. சால் குடியிருப்புகளில் வாரக்கணக்கில் அடிதடி நடந்தது. ஐம்பது வருசம் கழித்து, அதே ஜனவரி மாதத்தில், அந்தச் சாலையில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடினேன். பிறகு கடல் மேல் பாலம், பாந்த்ரா, மாகிம். மாகிம் பக்கம் வரும்போது தாராவி கூப்பிடு தூரம். அங்கே தமிழ்க் குரல் ஒன்று ‘‘வுடாத தம்பி, ஓடு ஓடு’’ என்று கத்தியது. யார் என்று தெரியாது.

மாகிமைத் தாண்டி தாதர், சிவாஜி பார்க். ஓட்டப்பாதையிலிருந்து கடற்கரைப் பக்கம் கொஞ்சம் உள்ளே போனால் சைத்யபூமி. 1956 டிசம்பர் 6இல் டில்லியில் மறைந்த பாபாசாகேபுக்கு மறுநாள் 7ஆம் தேதி தீ மூட்டிய இடம். அந்த இடத்தில் நின்றுவிடலாம் என்று கால் கெஞ்சியது. நின்றால் மறுபடி ஓட முடியாது. அந்தத் திசையில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினேன். 4 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். எத்தியோப்பியாவின் ஹெய்லே லெமி அதற்கு ரொம்ப முன்னாலேயே, 2 மணி 8 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். சாயங்காலம் நொண்டிக்கொண்டே தாதருக்குப் போய் சைத்யபூமியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே உட்கார்ந்து யோசித்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு டிசம்பர் 6க்கும் லட்சக்கணக்கான நம் ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு வருகிறார்கள். தள்ளுமுள்ளு இல்லை, கலாட்டா இல்லை. புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த நாளில் ‘‘டிராஃபிக் ஜாம், அழுக்கு, கூட்டம்’’ என்று முகம் சுளிக்கிற மும்பைக்காரர்கள் உண்டு. அதே ஊரில் மாரத்தானுக்காக நகரத்தின் முக்கியமான சாலைகளை மணிக்கணக்கில் அடைக்கிறார்கள். அப்போது அழுக்கு இல்லையா? நாங்கள் குடித்துவிட்டு வீசிய தண்ணீர் பாட்டில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. நானும்தான் வீசினேன், எல்லாரும் வீசினார்கள். ஆனால் அதை ‘‘மும்பையின் உற்சாகம்’’ என்கிறார்கள். தெருவில் கூடுகிற கூட்டம் எந்தக் கூட்டம் என்று பார்த்துத்தான் அதற்குப் பெயர் வைக்கிறார்கள். எங்கள் ஊர் திண்ணைக்காரர் கேட்கிற அதே கேள்விதான், பெரிய ஊரில் வேறு மொழியில் கேட்கிறது.

அந்தப் பாட்டில்களைப் பொறுக்க ஓரத்தில் துடைப்பத்தோடும் கோணியோடும் காத்திருந்தார்கள் நகரசுத்தித் தொழிலாளர்கள். அந்தத் தொழிலில் பெரும்பாலும் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசி ஓட்டக்காரன் போனதும் அவர்கள் வேலை ஆரம்பம். ஓடியவனுக்கு மெடல். கூட்டினவனுக்கு? மாரத்தானில் தலித் இல்லை என்று யார் சொன்னது? எல்லா மாரத்தானிலும் இருக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். நான் சொல்வது, கோட்டுக்கு உள்ளேயும் வரவேண்டும் என்பது.

*

நம் பெண் பிள்ளைகள் பற்றிப் பேசாமல் இதை முடித்தால் பாதிதான் பேசியதாகும். என் அக்கா மகள் போலீஸ் தேர்வுக்குத் தயார் செய்கிறாள். பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள் ஓடவேண்டும். அவளுக்கு ஓட இடம் இல்லை. ரோட்டில் ஓடினால் பைக்கில் பின்னால் வருகிறார்கள். ஊர்ப் பக்கம் ஓடினால் வாயில் வரக்கூடாத வார்த்தை வருகிறது. காலனியில் ஓடினால் நம்மாளுங்களே ‘‘வயசுக்கு வந்த பொண்ணு பேண்ட் போட்டுக்கினு குதிக்குது’’ என்கிறார்கள். ஆக அவள் எங்கே ஓடுகிறாள் தெரியுமா? சுடுகாட்டுப் பாதையில் ஓடுகிறாள். அங்கேதான் யாரும் வந்து எதுவும் கேட்பதில்லை.

1967இல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண் 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓடியபோது, நடத்துகிறவர்களில் ஒருத்தரே பாய்ந்துவந்து எண்ணைக் கிழிக்கப் பார்த்தார். பெண் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்பது அன்றைக்கு அவர்களுடைய விஞ்ஞானம். அவர் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைக்க 1984 வரை ஆயிற்று. சுவிட்சரைத் தடுத்தவன் ஆணாக இருந்தான். எங்கள் பெண்ணைத் தடுக்கிறவன் ஊரிலும் இருக்கிறான், சேரியிலும் இருக்கிறான். ஊர்க்காரனைக் கேள்வி கேட்கிற வாய் நம் வீட்டுத் திண்ணையையும் கேட்கவேண்டும்.

ஆகையால் தோழர்களே, நான் சொல்லவருவது எல்லாரும் காசு சேர்த்து மும்பைக்குப் போங்கள் என்று இல்லை. போக முடிந்தவன் போகட்டும். மெடலைக் கொண்டுவந்து காலனிப் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். ஆனால் நம் கோரிக்கை அதைவிடப் பெரியது. சேரிக்கு மைதானம் வேண்டும். ஊருக்குள் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, சாயங்காலம் பூட்டு. கோயில் திடல் இருக்கிறது, அது அவர்களுடையது என்கிறார்கள். காலனிக்கு இடம் கொடுத்தபோது வீட்டுக்கு இத்தனை சென்ட் என்று அளந்தார்கள். பிள்ளை ஓடுவதற்கு என்று ஒரு சென்ட்கூட அளக்கவில்லை. 200 மீட்டர் சுற்று வருகிற ஒரு மண் திடல், ரெண்டு விளக்குக் கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய். இதற்கு ஸ்பான்சர் வேண்டாம். பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் போதும். புறம்போக்கு யாருடைய வேலிக்குள் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த கிராமசபையில் நம்மாளுங்க இந்த ஒரு கோரிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு போய், மினிட் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்திருக்கக் கூடாது.

திடல் வருகிறவரைக்கும்? ரோடு இருக்கிறது. அது சர்க்கார் ரோடு. நூறு வருசத்துக்கு முன்னால் நம் தாத்தா சட்டமன்றத்தில் வாதாடி வாங்கிய ரோடு. தனியாக ஓடினால் எந்தத் தெரு என்று கேட்பான். ஐந்து பேர் ஓடினால் கேட்க யோசிப்பான். ஐம்பது பேர், ஆணும் பெண்ணுமாக, ஊர்த்தெரு வழியாகவே ஓடினால் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போவான்.

ஷூ வாங்க முடிந்தவர்கள் ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். முடியாதவர்கள் செருப்போடு வாருங்கள். யாரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டும் வராதீர்கள்.